மதிலுக்கு அப்பால் ஓர் ஒத்திகை

இத்திங்கள் திறனாய்வுக்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் நூல் கவிதையன்று, கதையுமன்று. அரசாங்க அறிக்கை ஒன்று. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் செயற்பாடுகளை ஆராய்ந்து, இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2012ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நாடாளுமன்றத்தின் முன் வைத்த அறிக்கை அது. 'சி.ஏ.ஜி. அறிக்கை' என்று நாளேடுகள் அன்று சில நாள்கள் பேசின. பின்னர் வேறு செய்தி வந்தது, இது மறந்துபோயிற்று. நூலகத்தின் இலக்கிய அடுக்கில் இதற்கு இடமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆயினும் ஓர் எழுத்தை மதிப்பிட நாம் கேட்கும் கேள்விகள் எல்லாவற்றையும் இதனிடமும் கேட்கலாம். இது உண்மை பேசுகிறதா? யாரைப் பார்க்கிறது? யாரைப் பார்க்கத் தவறுகிறது?

இதைப் படிக்கத் தூண்டியவர் எங்கள் பங்கின் இளைஞர் ஒருவர். அவருடைய தமக்கை இராதாபுரம் வட்டாரத்தில் வாழ்க்கைப்பட்டவர். "ஃபாதர், கூடங்குளத்திலே அவசரநிலை ஒத்திகை நடத்துறாங்க. சரியா நடந்துச்சான்னு யார் பார்க்கிறாங்க? அப்படிப் பார்க்கிறவங்க சரியாப் பார்க்கிறாங்களான்னு யார் பார்க்கிறாங்க?" என்று ஒரு மாலை கேட்டார். இறையியல் வகுப்பில் நான் கேட்ட பல கேள்விகளைவிட இது கடினமாயிருந்தது. விடை தேடிப் போனபோதுதான் இவ்வறிக்கை கைக்கு வந்தது.

நெய்வேலியில் இருந்துகொண்டு இதைப் படிப்பது தனி அனுபவம். நாம் நெருப்பை நம்பி வாழும் மக்கள். 1956இல் நிறுவனம் தோன்றியது முதல் இவ்வூரின் சோறும் துணியும் மண்ணுக்கடியில் கிடந்த பழுப்பு நிலக்கரியிலிருந்து வந்தவை. அதற்குரிய விலையும் நாம் அறியாததன்று. 2020ஆம் ஆண்டு மே 7 அன்றும் ஜூலை 1 அன்றும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் நேர்ந்த கொதிகலன் விபத்துகள் இரண்டும் தொழிலாளர் பலரின் உயிரைக் கொண்டுபோயின. ஆகவே 'நெருக்கடி', 'தயார்நிலை' ஆகியவை நமக்கு வெறும் அகராதிச் சொற்கள் அல்ல.

அறிக்கையின் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். இது கோபப்படவில்லை. கூடங்குளம் கொந்தளித்துக் கொண்டிருந்த நாள்களில், இடிந்தகரை லூர்து மாதா ஆலயத்தின் முன் போடப்பட்ட பந்தலில் மக்கள் ஓராண்டாக உட்கார்ந்திருந்த வேளையில் வெளிவந்தும், இதன் குரல் ஓரிடத்திலும் உயரவில்லை. ஓர் ஆணையை எடுக்கிறது. அதன்படி நடந்ததா என்று கேட்கிறது. நடக்கவில்லை என்றால் அதை எழுதுகிறது. அவ்வளவே. 1983ஆம் ஆண்டு நவம்பர் 15 அன்று வாரியம் அமைக்கப்பட்டபோது அதனிடம் ஒப்படைக்கப்பட்ட பணிகளுள் ஒன்று கதிரியக்கப் பாதுகாப்புக் கொள்கையை வகுப்பது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தும் அது வகுக்கப்படவில்லை என்று அறிக்கை பதிவு செய்கிறது. தேவையென இனங்காணப்பட்ட விதித்தொகுப்புகளிலும் வழிகாட்டிகளிலும் 27 இன்னும் எழுதப்படவில்லை என்கிறது. மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களில் 91 விழுக்காடு பதிவு பெறாமலே இயங்கின என்கிறது. விதிகளை மீறுவோர்க்கு அன்றைய சட்டம் விதித்த உச்ச அபராதம் 500 ரூபாய் என்பதையும் அதே நிதானமான குரலில் சொல்கிறது. கசப்பை அடைமொழிகளில் தேடும் நம் மேடைப் பேச்சாளர்கள் இந்த ஒரு வரியைப் படித்துப் பார்க்கலாம்.

அறிக்கையின் மையக் குற்றச்சாட்டு வாரியத்தின் சுதந்திரம் பற்றியது. ஒழுங்குமுறை வாரியம் அணுசக்தி ஆணையத்துக்குக் கட்டுப்பட்டது. ஆணையத்தின் தலைவரோ அணுமின் நிலையங்களை நடத்தும் துறைக்கே செயலர். சோதிக்க வருபவர், தாம் சோதிக்கும் வீட்டின் தலைவருக்கே கணக்கு ஒப்படைக்க வேண்டியவராக இருந்தால் சோதனை எத்தன்மையதாயிருக்கும்? தனிமனிதரின் நேர்மையை அறிக்கை ஐயுறவில்லை. நேர்மையுள்ளவரையும் கட்டிப்போடக்கூடிய அமைப்பைத்தான் அது சுட்டிக்காட்டுகிறது.

இனி, அந்த இளைஞரின் கேள்விக்கு உரிய பகுதிக்கு வருகிறேன். அணுமின் நிலைய நெருக்கடிகளை மூன்று படிகளாக வகுத்திருக்கிறார்கள். உலைக் கட்டடத்தோடு அடங்குவது முதற்படி. வளாக எல்லைக்குள் அடங்குவது இரண்டாம் படி. எல்லையைத் தாண்டி ஊர்மக்களைத் தொடுவது மூன்றாம் படி. முதலாவதற்கு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும், இரண்டாவதற்கு ஆண்டுக்கு ஒருமுறையும், மூன்றாவதற்கு இரண்டாண்டுக்கு ஒருமுறையும் ஒத்திகை நடத்தவேண்டும் என்பது நெறி. முதலிரண்டையும் நிலைய நிர்வாகம் நடத்தும். மூன்றாவதற்கு மாவட்ட ஆட்சியரே தலைவர். உலையைச் சுற்றி 16 கிலோமீட்டர் வரையுள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே திட்டம் இருக்கவேண்டும். வீட்டுக்குள் இருக்கச் சொல்வது, அயோடின் மாத்திரை கொடுப்பது, பாலையும் கீரையையும் தடுப்பது, தேவையானால் மக்களை வெளியேற்றுவது எல்லாம் அதில் அடங்கும்.

மதிலுக்கு உள்ளே திட்டங்கள் இருக்கின்றன, அவை முறையாகச் சோதிக்கப்படுகின்றன என்று தணிக்கை ஒப்புக்கொள்கிறது. மதிலுக்கு வெளியே நடந்த ஒத்திகைகளோ போதிய தயார்நிலை இல்லாமையையே காட்டின என்கிறது. அதனினும் முக்கியமாக ஒன்று சொல்கிறது: ஒத்திகைகளைக் கண்டு வாரியம் சொன்ன திருத்தங்களைச் செய்விக்கும் அதிகாரம் வாரியத்துக்கு இல்லை. ஆக, இளைஞரின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. பார்ப்பவர் உண்டு. பார்த்ததை எழுதுபவரும் உண்டு. எழுதியதை நிறைவேற்றச் செய்யும் கை அன்று இல்லை.

தொழிற்சாலைகளிலும் மருத்துவமனைகளிலும் உள்ள கதிரியக்கக் கருவிகளைப் பற்றியும் அறிக்கை இதே கேள்வியை எழுப்புகிறது. அவற்றுள் பலவற்றின் அபாயம் அதிகம் என மதிப்பிட்டிருந்தும், நெருக்கடித் தயார்நிலைக்கென விதித்தொகுப்பு வகுக்கப்படவில்லை என்கிறது. இது வீண் அச்சமன்று. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பயனற்றுக் கிடந்த காமாக் கருவி ஒன்று ஏலத்தில் போய், மாயாபுரி இரும்புக் கடைத்தெருவில் உடைக்கப்பட்டு, 2010 ஏப்ரலில் ஒருவர் உயிரைக் குடித்தது. உடைத்தவர்களுக்கு அது கோபால்ட் என்று தெரியாது. இரும்பு என்றே எண்ணினார்கள்.

இவ்வளவும் பாராட்டு. இனிக் குறை.

இவ்வறிக்கையில் ஊர் இல்லை. மதிலுக்கு வெளியே தயார்நிலை போதாது என்று சொல்லும் எழுத்து, மதிலுக்கு வெளியே வாழ்பவர் ஒருவரையும் நமக்கு அறிமுகப்படுத்துவதில்லை. தணிக்கையின் இலக்கணம் அது என்று சொல்லலாம். தாளைத் தாளோடு ஒப்பிடுவதே அதன் தொழில். ஆனால் ஒத்திகையைச் சோதிப்பது என்றால் என்ன என்பதில்தான் இந்த இலக்கணம் தடுமாறுகிறது.

'ஒத்திகை' நாடக மேடைச் சொல். எங்கள் பங்கில் தவக்காலந்தோறும் பாஸ்கா நாடகத்துக்கு ஒத்திகை நடக்கும். பிலாத்து எப்போது கைகழுவ வேண்டும், வெரோணிக்காள் எந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டும் என்பதெல்லாம் நடிப்பவர்க்கு மனப்பாடம். பார்க்க வருவோர்க்கு ஒத்திகை வேண்டியதில்லை. வந்து அமர்ந்தால் போதும். அணுமின் நிலைய ஒத்திகை இதற்கு நேர்மாறானது. நாடகத்தன்று மேடையில் நடிக்க வேண்டியவர்கள் பார்வையாளர்களே. கதவை அடைக்க வேண்டியவள் அந்தத் தாய். கடலிலிருந்து திரும்பவேண்டுமா, திரும்பக்கூடாதா என்று முடிவு செய்யவேண்டியவன் அந்த மீனவன். படுக்கையிலிருக்கும் கிழவியைத் தூக்க வேண்டியவன் அவள் பேரன். இவர்களை ஓரத்தில் நிறுத்திவைத்து அதிகாரிகள் மட்டும் நடித்துவிட்டுப் போனால், பாஸ்கா ஒத்திகை ஒன்று நடந்ததாகக் கொள்ளலாமே ஒழிய, வேறொன்றும் நடக்கவில்லை.

கூடங்குளத்தை முன்னிட்டு 2012 ஜூன் 9 அன்று நக்கனேரி என்னும் சிற்றூரில் ஒத்திகை நடந்தது. நடந்தது என்பதில் ஐயமில்லை. உச்ச நீதிமன்ற வழக்கிலும் அது பேசப்பட்டது. ஆனால் ஒரு சிற்றூரில், பகற்பொழுதில், அமைதியான ஒரு நாளில் நடந்த ஒத்திகை, 16 கிலோமீட்டர் வட்டத்துக்குள் கடலோரமாய் நெருங்கிக் கிடக்கும் ஊர்கள் அத்தனைக்கும் சான்றாகுமா? ஒரு மாணவனை மட்டும் எழுப்பிக் கேட்டுவிட்டு வகுப்பு முழுவதும் தேறிற்று என்று எழுதும் ஆசிரியரை நாம் ஏற்பதில்லையே.

ஜப்பான் நமக்குக் கற்பிப்பதும் இதுவே. ஒத்திகைகளில் அந்நாட்டை விஞ்சியவர் இல்லை. ஃபுகுஷிமா உலையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டரில் ஒகுமா ஊரில், நெருக்கடி வேளையில் எல்லாரையும் வழிநடத்துவதற்கென்றே ஒரு மையம் கட்டியிருந்தார்கள். கதிரியக்கத் தூசியைத் தடுக்கும் காற்று வடிகட்டி அங்கு இல்லை. 2011 மார்ச்சில் நெருக்கடி வந்தபோது, நெருக்கடிக்கென்றே கட்டிய அந்தக் கட்டடத்தை விட்டு அதிகாரிகள் வெளியேற வேண்டியதாயிற்று. ஜப்பானிய நாடாளுமன்றம் அமைத்த விசாரணை ஆணையம் 2012 ஜூலையில் தந்த அறிக்கை, இவ்விபத்து மனிதர் உண்டாக்கியதே என்று தீர்ப்புச் சொன்னது. வெளியேற்றப்பட்ட மருத்துவமனை நோயாளிகளில் 60 பேராவது அம்மாத இறுதிக்குள் இறந்தார்கள் என்றும் அது பதிவு செய்தது. அவர்களைக் கொன்றது கதிரியக்கம் அன்று, ஆயத்தமில்லாத பயணம். பேருந்து உண்டா என்று கேட்ட திட்டம், படுத்த நோயாளி பேருந்தில் உட்கார முடியுமா என்று கேட்கவில்லை.

தணிக்கை அறிக்கைக்கு அருகில் வைத்துப் படிக்கவேண்டிய மற்றொரு நூல் உண்டு. பெலாருஸ் நாட்டு எழுத்தாளர் ஸ்வெட்லானா அலெக்சியேவிச் 1997இல் வெளியிட்ட செர்னோபில் நூல் அது. 2015இல் அவர் நோபல் பரிசு பெற்றார். 1986 ஏப்ரல் 26 அன்று வெடித்த உலையைப் பற்றிய அந்நூலில் அட்டவணை இல்லை, பரிந்துரை இல்லை. தீயணைக்கப் போன வீரனின் மனைவி பேசுகிறாள். வெளியேற்றப்பட்ட ஊருக்கு ஒளிந்து திரும்பிய கிழவிகள் பேசுகிறார்கள். போர்வீரரும் குழந்தைகளும் பேசுகிறார்கள். அவர்களுக்கிடையே ஓர் அணு விஞ்ஞானியும் பேசுகிறார். வாசிலி நெஸ்தெரென்கோ என்பது அவர் பெயர். பெலாருஸின் அணு ஆய்வு நிறுவனத்தின் தலைவராயிருந்தவர். மக்களுக்கு உடனே அயோடின் கொடுங்கள் என்று மேலிடத்தை மன்றாடியதையும், மருந்து கிடங்கில் இருந்தும் மக்கள் கைக்குப் போகாததையும் அவர் சொல்கிறார். அயோடின் மாத்திரை கதிரியக்கத்துக்கு ஆட்படுமுன்னரோ, ஆட்பட்ட சில மணி நேரத்துக்குள்ளோ உட்கொண்டால்தான் தைராய்டுச் சுரப்பியைக் காக்கும். நாள்கள் கழித்துக் கொடுப்பது வெள்ளம் வடிந்தபின் கட்டும் கரை.

அக்கிடங்கைத் தணிக்கையர் ஒருவர் 1986 மார்ச்சில் பார்வையிட்டிருந்தால் என்ன எழுதியிருப்பார்? இருப்பு உண்டு என்றுதான் எழுதியிருப்பார். அது பொய்யுமன்று. தணிக்கை காணாததை அலெக்சியேவிச்சின் நூல் காண்கிறது. ஆனால் அந்த நூலை மட்டும் படித்தவர் அழுதுவிட்டு எழுந்து போகக்கூடும். யாரிடம், எந்த விதியின்கீழ், எதைக் கேட்பது என்று அவருக்குத் தெரியாது. அதைத் தெரிவிப்பது இந்த வறண்ட அறிக்கைதான். ஆகவே ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்த எனக்கு மனமில்லை. இரண்டையும் ஒரே மேசையில் வைக்கவேண்டும்.

எதிர்வாதங்களையும் நேர்மையாகக் கேட்போம். நம் நாட்டு அணுமின் நிலையங்கள் இதுவரை ஊரைப் பாழாக்கிய விபத்து எதையும் கண்டதில்லை என்பார்கள். உண்மை. நிலக்கரிப் புகையில் வாழும் நெய்வேலிக்காரன் அணுவைக் குறைசொல்லலாமா என்பார்கள். அதுவும் கேட்கத்தக்கதே, நான் உலையை மூடு என்று சொல்ல வரவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கத்தில் என்ன நடந்தது என்று நினைவுகூர்வோம். கடல்நீர் பம்பு அறைக்குள் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. பொறியாளர்களைப் பாராட்டவேண்டும். ஆனால் அதே அலை அருகிலிருந்த ஊழியர் குடியிருப்பில் புகுந்து உயிர்களை வாரிச் சென்றது. அலை வருகிறது என்று அங்கு யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. உலைக்குள் ஒரு நெறி இருந்தது. வீடுகளுக்கு ஒன்றும் இல்லை. தணிக்கை அறிக்கை எட்டாண்டு கழித்துத் தாளில் வரைந்த அதே கோட்டைக் கடல் அன்றே கரையில் வரைந்துவிட்டது.

மக்களுக்கு எல்லாம் சொன்னால் பீதி பரவும் என்பது மற்றொரு வாதம். சொல்லாமல் விட்டால் பரவுவது என்ன? வதந்தி. நோயாளியிடம் உண்மையை மறைக்கும்படி குடும்பத்தார் என்னிடம் கேட்பதுண்டு. மறைத்த இடங்களில் அமைதி நிலவியதாக எனக்கு நினைவில்லை. நோயாளி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டதுதான் நினைவிருக்கிறது.

பிறர் பதிவேட்டைக் குறைகூறும் எனக்கும் ஒரு பதிவேடு உண்டு. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் தீயில் மாண்டபின் பள்ளிகளெங்கும் தீத்தடுப்பு ஒத்திகை வற்புறுத்தப்பட்டது. அக்காலத்தில் ஒரு பள்ளிக்கு நான் தாளாளராயிருந்தேன், பெயர் வேண்டாம். ஒத்திகை நாளன்று வாயிலுக்கு அருகிலிருந்த மூன்று வகுப்புகளை மட்டும் வெளியே கொண்டுவந்து வரிசையில் நிறுத்தினோம். மாடியிலிருந்த சின்னஞ்சிறு பிள்ளைகள் அழுவார்கள், படியில் விழுவார்கள் என்று அவர்களை விட்டுவிட்டோம். மாலையில் பதிவேடு வந்தது. 'பள்ளி முழுமைக்கும் ஒத்திகை நடத்தப்பட்டது' என்று எழுதியிருந்தது. நான் கையெழுத்திட்டேன். படியில் விழக்கூடிய பிள்ளைகளுக்காகத்தானே அந்த ஒத்திகை? அந்தக் கேள்வி அன்று எனக்குத் தோன்றவில்லை. இவ்வறிக்கையைப் படித்துக்கொண்டிருந்த இரவில் தோன்றியது. நல்லவேளையாக அந்தப் பள்ளியில் தீ வரவில்லை. வராததால் என் கையெழுத்து மெய்யாகிவிடாது.

குருமடத்தில் நாள்தோறும் இரவு ஆன்ம சோதனை செய்யப் பழக்கினார்கள். அதன் முதல் விதி, செய்தவற்றை எண்ணுவதோடு நிற்காமல் செய்யத் தவறியவற்றையும் எண்ணுவது. தணிக்கையின் சிறப்பும் இதுதான். செய்யத் தவறியவற்றை அது எண்ணுகிறது. ஆனால் ஆன்ம சோதனைக்குப்பின் பாவசங்கீர்த்தனமும் பரிகாரமும் வரவேண்டும். வராவிட்டால் அது வெறும் பட்டியல்.

பரிகாரம் வந்ததா? 2011இல் கொண்டுவரப்பட்ட அணுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை ஆணைய மசோதா, 2014இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று. 2013 மே 6 அன்று கூடங்குள வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் உலைக்கு அனுமதி தந்தது. அதோடு 15 கட்டளைகளையும் தந்தது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் நெறிகளைச் செயற்படுத்தி, வளாகத்துக்கு உள்ளும் புறமும் காலந்தோறும் ஒத்திகை நடத்தவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பன்னாட்டு வல்லுநரை அழைத்துத் தன்னைச் சோதித்துக்கொள்ளவில்லை என்று தணிக்கை குறைகூறிய வாரியம், 2015 மார்ச்சில் அத்தகைய குழுவை வரவேற்றது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய அணுசக்திச் சட்டம் வாரியத்துக்குச் சட்டத் தகுதியையும் அளித்திருக்கிறது. இவை வீண்போகாத உழைப்பின் பயன்கள். அறிக்கை எழுதிய, பெயர் தெரியாத அந்தத் தணிக்கை அலுவலர்களுக்கு நாம் நன்றி சொல்லவேண்டும்.

எனினும் சட்டம் வாரியத்துக்குக் கை கொடுக்கும். கண் கொடுப்பது ஊர்மக்கள்தான். ஒத்திகை முடிந்த மாலையில் 16 கிலோமீட்டர் வட்டத்துக்குள் பத்து வீடுகளின் கதவைத் தட்டி, "அம்மா, இன்றைக்குச் சங்கு ஊதியது எதற்கு என்று தெரியுமா? நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டு போகும் சோதனையாளர் வேண்டும். அந்த விடைகள் அடுத்த அறிக்கையில் அட்டவணைக்கு அருகில் இடம்பெற வேண்டும். நான் இவ்வறிக்கையிடம் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

கட்டுரையை முடிக்குமுன் அந்தக் கேள்வியை இங்கேயே கேட்டுப் பார்த்தேன். ஞாயிறு திருப்பலிக்குப்பின் கோவில் முற்றத்தில் நின்றிருந்த ஒரு பாட்டியிடம், "நேரங்கெட்ட நேரத்தில் சங்கு ஊதினால் என்ன செய்வீர்கள்?" என்றேன். நாற்பது ஆண்டுகளாக நகரியத்தில் ஒரே வட்டத்தில் குடியிருப்பவர். "ஷிஃப்டு மாறுதுன்னு நினைச்சுக்குவேன் சாமி" என்றார். அருகில் நின்ற அவர் மகன் பணி ஓய்வு பெற்ற தொழிலாளி. அவரும் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "எங்களுக்கு உள்ளே சொல்லிக் கொடுத்தாங்க. வீட்டுல நான் சொல்லல" என்றார்.

அடுத்த ஞாயிறு, திருப்பலிக்குப்பின் அரைமணி நேரம், அவர் வந்து எங்கள் பங்கு மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறார். மாடிப்படியில் இறங்கத் தெரியாத பிள்ளைகளையும் அழைத்து வரும்படி அறிவித்திருக்கிறேன்.